வல்லினம் மிகும் இடமும் கட்டணம் மிகும் இடமும்

பெறுநர்: புனைகதைக் கைப்பிரதிகளைச் செம்மையாக்கித் தரும் நிறுவனத்தார், சென்னை.

பொருள்: நிறுவனத்தாரின் அரும்பணியைப் பாராட்டுதலும் அது தொடர்பான சிறு விண்ணப்பமும்.

மாட்சிமை பொருந்திய நிறுவனத்தாருக்கு,

ஒரு நாவல் எழுதி முடிக்கப்பட்ட பின்னும் அச்சுக்குப் போவதற்கு முன்னும் அதன்மீது நடக்க வேண்டிய வேலைகளை நூல் வெளியீட்டுத் துறையினர் பொதுவாக நான்காகப் பகுப்பர். கதையின் கட்டுமானம், பாத்திரங்களின் போக்கு, எந்த அத்தியாயம் எங்கே நிற்க வேண்டும் என்பவற்றை ஆராய்வது கட்டமைப்புச் செம்மை; வாக்கியம் வாக்கியமாக நடையைப் பார்ப்பது வரிச் செம்மை; எழுத்து, இலக்கணம், பெயர்கள், காலக்கணக்கு ஆகியவை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை முரணின்றி இருக்கின்றனவா என்று பார்ப்பது பிரதிச் செம்மை; பக்கம் கட்டிய பின் எஞ்சிய பிழைகளைக் களைவது மெய்ப்பு, அதாவது புரூஃப். இந்த நான்கையும் ஒரே கட்டணத்தில், ஒரே வாரத்தில், கைப்பிரதியைப் படிக்கும் சிரமம்கூட இல்லாமல் செய்து முடிக்கும் வழியைக் கண்டறிந்த பெருமை மேற்படி நிறுவனத்தாரையே சாரும் என்பதைத் தமிழ்ப் புனைகதை உலகம் இனியும் வெளியே சொல்லாமல் இருப்பது நன்றிகேடு.

நிறுவனத்தாரின் புலமைக்கு அடித்தளம் வல்லினம். இரு சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் ஆகிய ஒற்றுகள் தோன்றும் இடங்களை வல்லினம் மிகும் இடங்கள் என்றும், தோன்றாத இடங்களை மிகா இடங்கள் என்றும் இலக்கணம் வகுத்திருப்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அந்தப் பழைய விதியை வணிகத்துக்கும் நீட்டித்தது நிறுவனத்தாரின் கொடை. அவர்கள் வகுத்த இலக்கணத்தின்படி, முன்பணத்துக்குப் பின் கட்டணம் மிகும். கட்டணத்துக்குப் பின் தொலைபேசியில் பதில் மிகாது. விளம்பரத்தில் அனுபவம் மிகும். ஒப்பந்தத்தில் கைப்பிரதியைப் படிக்கப்போகிறவரின் பெயர் மிகாது. இறுதியில் வரும் பட்டியலில் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும் மிகும். அச்சிட்ட புத்தகத்துக்கு இந்நாட்டில் அந்த வரி கிடையாது, அதைப் பிழையின்றி ஆக்கித் தரும் சேவைக்கு மட்டும் உண்டு என்பதைக் காணும்போது, பிழையோடு அச்சிடுவதைத்தான் அரசும் விரும்புகிறதோ என்ற ஐயம் எழலாம்; அந்த ஐயத்துக்கு நிறுவனத்தார் பொறுப்பல்லர்.

இப்பாராட்டை இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றைக் களமாகக் கொண்ட முதல் நாவல் ஒன்று, சென்ற மாதம் நிறுவனத்தாரிடமிருந்து செம்மையுற்றுத் திரும்பி வந்த கோலமே ஆகும். அதை எழுதியவர் பள்ளியொன்றில் சத்துணவு அமைப்பாளராக இருப்பவர். அந்த ஊதியத்திலிருந்து மிச்சம் பிடித்துக் கட்டணம் முழுவதையும் முன்கூட்டியே செலுத்தியவர். அவருடைய பிரதியில் ஒரு கிழவி, வானத்தைப் பார்த்துக்கொண்டே, "எய்யா, மழ இல்லேன்னா பொழப்பு நாறிப்போகும்லா" என்கிறாள். செம்மையாக்கத்துக்குப் பின் அதே கிழவி, அதே திண்ணையில், அதே வானத்தைப் பார்த்து, "ஐயா, மழை பெய்யாவிட்டால் வாழ்வாதாரம் பாதிக்கப்படும் அல்லவா?" என்று மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதுவதுபோல் பேசுகிறாள். பக்கத்து வீட்டுக்காரியும் அவ்வாறே பேசுகிறாள். சாராயம் குடித்துவிட்டு வரும் மகனும் போதை தெளியாமலே எழுவாய், பயனிலை பிறழாமல் பேசுகிறான். கதையில் இலக்கணப் பிழையின்றி வாழும் ஊர் ஒன்று இவ்வாறு உருவாகிவிட்டது.

இதனினும் நுட்பமானது ஒரேயடியாகச் சொல்லை மாற்றும் கணினி வசதியை நிறுவனத்தார் கையாண்ட திறம். 'அந்தப் பய' என்று ஊரார் பேசுவது கொச்சை என்று கருதி, நூல் முழுவதும் 'பய' என்பதைப் 'பையன்' என்று மாற்றும்படி கணினிக்கு ஆணையிட்டிருக்கிறார்கள். கணினி சொல்லைப் பார்ப்பதில்லை, எழுத்துகளை மட்டுமே பார்க்கும் என்பதால், பயம் 'பையன்ம்' ஆயிற்று. பயணம் 'பையன்ணம்' ஆயிற்று. புஞ்சையில் விளைந்த பாசிப்பயறு முழுவதும் 'பாசிப்பையன்று' என அறுவடையாயிற்று. ஊர்க்கோயிலின் குழல்விளக்கில் எழுதியிருந்த 'உபயம்' என்ற சொல் 'உபையன்ம்' ஆகி, விளக்கைக் கொடுத்தவரின் பெயரையும் மீறிச் சுடர்விடுகிறது. திரும்பி வந்த பிரதியை யாரேனும் ஒருவர் ஒரே ஒரு முறை கண்ணால் பார்த்திருந்தால்கூட இவற்றில் ஒன்றாவது அகப்பட்டிருக்கும் என்று சிலர் குறை கூறலாம். நிறுவனத்தாரின் இலக்கணம் அவர்களுக்குத் தெரியாது: கணினிக்குப் பின் கண் மிகாது.

நாவலாசிரியை சரியாக எழுதியிருந்த 'வந்து பார்த்தான்' என்பது எல்லா இடங்களிலும் 'வந்துப் பார்த்தான்' என்று திருத்தப்பட்டிருப்பதையும் இங்கே போற்றியாக வேண்டும். இலக்கணப்படி அங்கே வல்லினம் மிகாது. ஆனால் சொல்லெண்ணிக்கையைக் கொண்டு கட்டணம் வாங்குகிற ஒரு நிறுவனம் ஒற்றுகளை இலவசமாகவே வாரி வழங்கியிருப்பதில் உள்ள கொடைத்தன்மையைக் காணாமல் பிழையை மட்டும் காண்பது அற்பத்தனம்.

வட்டார வழக்கு, அதாவது ஒரு நிலப்பகுதியின் மக்கள் தமக்குள் பேசும் மொழி, தமிழ்ப் புனைகதையில் நெடுங்காலம் முன்பே தன் இடத்தைப் பெற்றுவிட்டது. இதே கரிசல் மண்ணைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் அம்மண்ணின் சொற்களைத் தேடித் தொகுத்து அகராதியே உருவாக்கினார். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதையும் பெற்றார். பூமணியின் 'வெக்கை' 1982இல் வெளிவந்து இன்றுவரை படிக்கப்படுகிறது. இவர்கள் இந்நிறுவனம் தோன்றுவதற்கு முன்பே எழுதிவிட்டது தமிழின் தவக்குறைவு. சற்றுப் பொறுத்திருந்தால் 'வெக்கை' என்ற தலைப்பேனும் 'அதிக வெப்பநிலை' என்று செம்மையுற்றிருக்கும்.

செம்மையான பிரதியோடு மதிப்பீட்டறிக்கை ஒன்றும் வந்து சேர்ந்தது. கதையின் பலம், பலவீனம் ஆகியவற்றை ஆசிரியருக்கு எடுத்துரைத்து, அடுத்த திருத்தத்துக்கு வழிகாட்டும் கடிதமே மதிப்பீட்டறிக்கை எனப்படும். நல்ல எடிட்டர் ஒருவரின் அறிக்கை, நாவலின் பக்க எண்களைச் சுட்டி, இன்ன இடத்தில் இன்னாரின் கோபம் நம்பும்படியாக இல்லை, இன்ன அத்தியாயத்தில் சித்திரை மாதம் நடக்கும் நிகழ்ச்சி அடுத்த அத்தியாயத்தில் எப்படி ஐப்பசிக்குப் போயிற்று என்பனபோன்ற கேள்விகளால் நிறைந்திருக்கும். நிறுவனத்தாரின் அறிக்கையோ, வெளிநாட்டிலிருந்து திரும்பும் மருத்துவரின் பாத்திரப் படைப்புக்கு இன்னும் ஆழம் தேவை என்கிறது. நாவலில் மருத்துவர் எவரும் இல்லை. கிராமத்தில் ஆரம்பச் சுகாதார நிலையமே இல்லை என்பதுதான் நாவலின் நடுப்பகுதி முழுவதற்கும் காரணமான செய்தி. ஒரு பிள்ளை சாவது அதனால்தான். இன்னொருவரின் நாவலுக்கு எழுதிய அறிக்கையில் தலைப்பை மட்டும் மாற்றி அனுப்பியதாக இதற்குப் பொருள் கொள்வது பொறாமைக்காரரின் இயல்பு. மருத்துவர் இல்லாத ஊருக்கு ஒரு மருத்துவரை அனுப்பிவைக்க நிறுவனத்தார் எடுத்துக்கொண்ட முயற்சியாகவே இதைக் கொள்ள வேண்டும்.

எடிட்டரின் பணி எத்தகையது என்பதற்கு அயல்நாட்டுச் சான்றுகள் உண்டு. ஹார்ப்பர் லீ 1957இல் லிப்பின்காட் பதிப்பகத்தில் கொடுத்த கைப்பிரதியை, டே ஹோஹாஃப் என்ற எடிட்டர் அவரோடு இரண்டாண்டுகளுக்கும் மேலாக இருந்து திரும்பத் திரும்ப எழுதச் செய்ததன் விளைவே 1960இல் வந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. அந்தப் பழைய வடிவம் 2015இல் தனி நூலாக வெளிவந்தபோது, இரண்டுக்கும் இடையே நடந்த உழைப்பு எவ்வளவு என்பதை வாசகர்கள் ஒப்பிட்டே பார்க்க முடிந்தது. மறுபுறம், ரேமண்ட் கார்வரின் 1981ஆம் ஆண்டுச் சிறுகதைத் தொகுப்பில் எடிட்டர் கார்டன் லிஷ் பாதிக்கும் மேல் வெட்டினார். வெட்டப்படாத கதைகள் 'பிகினர்ஸ்' என்ற பெயரில் 2009இல் அச்சேறியபோது, லிஷ் எல்லை மீறினார் என்ற குற்றச்சாட்டு புதிய வேகம் பெற்றது. லிஷ் செய்தது சரியா தவறா என்பது தீராத வாதம். ஆனால் அவர் படித்தார். ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டே வெட்டினார் என்பதை அவருடைய எதிரிகளும் மறுப்பதில்லை.

தமிழில் இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கி, 2020 நவம்பரில் கொரோனாத் தொற்றால் மறையும்வரை அதை நடத்திய எஸ். ராமகிருஷ்ணன், கைப்பிரதியை ஆசிரியரோடு விவாதித்துச் செம்மையாக்குவதைப் பதிப்பகத்தின் அடிப்படை வேலையாகவே கொண்டிருந்தார். இமையத்தின் முதல் நாவலான 'கோவேறு கழுதைகள்' 1994இல் அங்கிருந்து வெளிவந்தபோது, அதன் மாந்தர்கள் தங்கள் பேச்சோடுதான் வெளிவந்தார்கள். இங்கே கூர்ந்து கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹோஹாஃப், லிஷ், ராமகிருஷ்ணன் ஆகியோரின் உழைப்புக்கு எழுத்தாளர் பணம் கட்டவில்லை. நூலை நம்பிய பதிப்பகம் அச்செலவை ஏற்றது. பெரும்பாலான தமிழ்ப் பதிப்பகங்கள் எடிட்டர் என்ற பதவியையே வைத்துக்கொள்ளாமல், மெய்ப்புப் பார்ப்பதையும் ஆசிரியரின் தலையிலேயே கட்டிவிட்ட சூழலில், கேட்ட அளவுக்கு மட்டும் பிரதிகளை அச்சிட்டுக்கொள்ளும் முறையும், 2016 முதல் கிண்டிலில் தமிழ் நூல்களை வெளியிடும் வசதியும் வந்து சேர்ந்தன. எழுதியவரே வெளியிடலாம் என்றாகி, எழுதியவரே எல்லாவற்றுக்கும் பணமும் கட்டலாம் என்றாகியது. இந்த இடைவெளியில்தான் நிறுவனத்தார் அவதரித்தனர்.

தனியாக இப்பணியைச் செய்பவர்கள் எல்லோரும் இப்படிப்பட்டவர்கள் அல்லர். நாளுக்குப் பத்துப் பக்கம் என்று உட்கார்ந்து, ஐயம் வந்தால் ஆசிரியரை அழைத்துக் கேட்டு, மிகக் குறைந்த கூலிக்கு உழைக்கும் பிழைதிருத்துநர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். சனவரிப் புத்தகக் காட்சியை முன்னிட்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் அவர்கள் கண்ணுக்கு ஓய்வே கிடையாது. பிரிட்டனில் இத்தகையோர் 1988இலேயே தமக்கென ஒரு சங்கம் அமைத்து, பயிற்சியும் நடத்தை விதிகளும் வகுத்துக்கொண்டார்கள். இங்கே அப்படி ஏதும் வேரூன்றாததால், பலகை மாட்டியவரெல்லாம் எடிட்டர் ஆகிறார். உழைப்பவர் பெயர் வெளியே தெரிவதில்லை.

எழுத்தாளரின் ஆசையைக் காசாக்கும் கலை நிறுவனத்தார் தோற்றுவித்ததன்று என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 1990களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 'எடிட் இங்க்' என்றொரு நிறுவனம் இருந்தது. கைப்பிரதிகளை நிராகரித்து, அவற்றை எழுதியவர்களைத் தன்னிடம் அனுப்பிவைக்கும் இலக்கிய முகவர்களுக்கு அது தரகு கொடுத்துவந்தது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் அதன்மீது வழக்குத் தொடுத்தார். சென்னை நிறுவனத்தாரோ யாருக்கும் தரகு கொடுப்பதில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், நாவலை அச்சிட்டு, அட்டை வடிவமைத்து, வெளியீட்டு விழாவும் நடத்தித் தரும் தங்கள் மற்றொரு கிளையின் கட்டண விவரத்தைத் தாங்களே இணைத்துவிடுகிறார்கள். அங்கும் மிகும் இடங்கள் பல.

நாவலாசிரியை முறையிட்டபோது கிடைத்த பதில், 'தங்களின் உணர்ச்சிவயப்பட்ட நிலை புரிகிறது. இரண்டாம் சுற்றுச் செம்மையாக்கத்துக்குச் சிறப்புத் தள்ளுபடி உண்டு' என்பதாகும். உணர்ச்சிவயப்பட்ட நிலை! படிக்காத பிரதியைப் படித்ததாகச் சொல்லிப் பணம் வாங்குவது மோசடி. அதைச் சுட்டிக்காட்டும் பெண்ணுக்கு உணர்ச்சிவசப்பட்டவள் என்று பட்டம் கட்டுவது கயமை. அவர் பல ஆண்டுகள் காது கொடுத்துக் கேட்டுச் சேர்த்த பேச்சை ஒரு பிற்பகலில் அழித்துவிட்டு, அழித்ததற்கு ரசீதும் கொடுத்திருக்கிறார்கள். மூலக்கோப்பின் நகல் அவரிடம் இல்லாதிருந்தால் அந்த நாவல் இன்று எங்கும் இருந்திராது.

கடிதத்தின் நடை சற்றுத் தடம் புரண்டதை நிறுவனத்தார் பெருந்தன்மையோடு பொறுத்தருள வேண்டும். இதையும் செம்மையாக்கித் தர அவர்கள் முன்வந்தால் மகிழ்ச்சியே, கட்டணம் மிகாதிருக்கும் பட்சத்தில்.

விண்ணப்பம் சிறிது. முழுக்கட்டணம் வாங்குவதற்கு முன் கைப்பிரதியின் பத்துப் பக்கங்களை மாதிரியாகத் திருத்திக் காட்டுதல் வேண்டும். ஒப்பந்தத்தில் படிப்பவரின் பெயரும், நான்கு வகைச் செம்மைகளில் எது செய்யப்படும் என்பதும் இருத்தல் வேண்டும். ஆசிரியரின் சொல்லை மாற்றும் ஒவ்வோர் இடத்தையும் அவர் ஏற்கவோ மறுக்கவோ இயலும்படி, வேர்டு மென்பொருளில் மாற்றங்களைத் தடம் காட்டும் வசதியை இயக்கிய பின்னரே கோப்பில் கை வைத்தல் வேண்டும். இவற்றைச் செய்ய இயலாத நிறுவனத்திடம் எழுத்தாளர்கள் தங்கள் நாவலைக் கொடுக்காதிருப்பது நல்லது. கொடுத்தே தீர வேண்டும் என்றால் மூலக்கோப்பை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டுக் கொடுக்கலாம்.

அந்த நாவலாசிரியை செலுத்திய தொகையை நிறுவனத்தார் இக்கடிதம் எழுதப்படும் நாள்வரை திருப்பித் தரவில்லை.