பௌர்ணமியைத் தாங்கும் செயலி

கேள்வி: கிரிவலம் வரும் பக்தர்களுக்காக நண்பர்களுடன் மொபைல் செயலி நிர்மாணிக்கும் தொழில் தொடங்க உத்தேசித்திருக்கிறேன். திட்டத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது?
– ஒரு வாசகர், அடி அண்ணாமலை.

பதில்: கணினியை மூடிவைத்துவிட்டு, வருகிற பௌர்ணமியன்று உங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்தே ஆரம்பியுங்கள். 14 கிலோமீட்டர் பாதையில் இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டுச் சன்னிதிகளையும் தரிசித்துக்கொண்டு நடக்கும் ஜனசமுத்திரம், ஆதி அருணாசலேசுவரர் ஆலயத்தருகே வரும்போது எதை விசாரிக்கிறது, குடிநீரையா, கழிப்பறையையா, கூட்டத்தில் கைநழுவிப்போன பாட்டியையா என்பதைக் காதாரக் கேட்டுக் குறித்துக்கொண்டால், அக்குறிப்பேடே உங்கள் திட்டத்தின் முதல் அத்தியாயம். லிங்கங்கள் எட்டு என்பதற்காக எட்டு வசதிகளையும் முதல் வெளியீட்டிலேயே திணிக்க வேண்டியதில்லை. மிகுதியாகக் கேட்கப்பட்ட ஒன்றைச் செவ்வனே செய்யுங்கள்.

அடுத்தது பாரம். ஸோஹோ நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ‘அரட்டை’ செயலியில் தினமும் 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த நிலை, 2025 செப்டம்பரில் மூன்றே நாட்களில் 3,50,000 பேராகப் பெருக, அதன் பொறியாளர்கள் அவசர அவசரமாகச் சர்வர் வசதியை விஸ்தரிக்க நேர்ந்தது. அவர்களுக்கு அது எதிர்பாராத வெள்ளம். உங்களுக்கோ பஞ்சாங்கத்திலேயே தேதி அச்சிட்டிருக்கிறது! ஆதலால், லட்சோபலட்சம் பேர் திரளும் இரவில் இணையம் தடுமாறும் என்பதை முன்னமே அனுமானித்து, வரைபடம் கைபேசியிலேயே சேமிப்பாகி, இணைப்பின்றியும் இயங்குமாறு அமையுங்கள். மூலதனம் முழுவதையும் நிர்மாணத்திலேயே செலவிட்டுவிடாமல் பராமரிப்புக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். கார்த்திகை தீபத்தன்று மட்டும் வெள்ளோட்டம் வேண்டாம். சாதாரணப் பௌர்ணமியொன்றில் பரீட்சித்த பிறகே தீபத்துக்கு வாருங்கள்.