துணைப் பாத்திரத் தோல்வி விளக்கம்

அமானுஷ்யத் தொடர்நாடகங்களில் பேய்களையும் பிசாசுகளையும் கூச்சமின்றி நம்பிவிடுகிற ரசிகப் பெருமக்கள், அவற்றினிடையே நடமாடும் சில துணைப் பாத்திரங்களை மாத்திரம் நம்ப மறுப்பதேன் என்னும் வினா, 1997 முதல் 2003 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பாகி 144 அத்தியாயங்களில் நிறைவெய்திய ‘பஃபி த வாம்பயர் ஸ்லேயர்’ என்னும் ரத்தக்காட்டேரிக் காவியத்தை முன்னிட்டு ஈண்டு ஆராயப்படும். இக்காவியத்துக்கென்றே 2001-ல் ‘ஸ்லேயேஜ்’ என்ற ஆய்விதழ் ஒன்று தோன்றிவிட்டபடியால், எளிதில் விளங்கக்கூடிய விஷயத்தை விளங்காதபடி செய்ய நாம் புதிதாக முயல்வது மிகையென்பர். ஆயினும் பட்டம் பெறவேண்டியவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

முதல் வகை, ஜெஸ்ஸியைப் போல இரண்டாம் அத்தியாயத்திலேயே தூளாகிப் போவோர். இவர்களுக்குத் தோற்கவும் அவகாசமில்லை.

இரண்டாம் வகையினர் தலைமையாசிரியர்கள். நரகத்தின் வாயில்மேல் கட்டப்பட்ட சன்னிடேல் பள்ளியில் ஃப்ளூட்டி என்பவரைக் கழுதைப்புலியின் ஆவேசம் ஏறிய மாணவர்கள் தின்றுவிட, அவர் ஸ்தானத்துக்கு வந்த ஸ்னைடர், பட்டமளிப்பு விழாவில் மகாசர்ப்பமாக உருமாறிய நகர மேயரை நோக்கிக் கட்டுப்பாட்டை உபதேசித்துக்கொண்டிருக்கையிலேயே விழுங்கப்பட்டார். உண்ணப்படுதல் தோல்வியா என்பதில் உரைகாரர்கள் மாறுபடுவர். கழுதைப்புலியுரைகாரர், உண்டோர் பலராகவும் உண்ணப்பட்டவர் ஒருவராகவும் நின்றமையால் ஃப்ளூட்டியின் முடிவு துவைதம் என்பர். பாம்புரைகாரர், ஸ்னைடர் முழுமையாக உட்புகுந்தமையால் அஃது அத்வைதமே எனச் சாதிப்பர். இவ்விருவரையும் மறுத்து, மேயரின் வயிற்றினுள்ளும் ஸ்னைடர் ஸ்னைடராகவே இருந்து கண்டித்துக்கொண்டிருப்பார் ஆதலின் விசிஷ்டாத்வைதமே பொருந்தும் என்று பெருநூல் இயற்றிய மூன்றாமவர், தொடரைப் பார்த்தவரல்லர். அதனாலேயே அவருரை பாடமாக வைக்கப்பட்டுள்ளதென்று கேள்வி. எவ்வாறாயினும் ஸ்னைடர் வென்றவரே. பாம்பே எதிர்வந்து நின்றபோதும் தம் காரியத்தை அவர் விட்டாரில்லை.

இந்த நுட்பம் வாய்க்கப்பெறாதவர் ரைலி. கதாநாயகி பஃபியின் காதலன் ஏஞ்சல் 1999-ல் தனித்தொடர் ஒன்றுக்குக் குடிபெயர்ந்தபின் அவ்விடத்தை நிரப்ப வந்த இந்த அயோவா மாநிலத்து ராணுவ இளைஞர், நற்குணங்களுக்கெல்லாம் உறைவிடம். எனினும், கதாநாயகிக்குத் தாம் வேண்டியவரா என்று ஏங்குவதன்றி வேறு ஜீவனோபாயம் அறியாதவராகி, ஐந்தாம் பருவத்தின் நடுவே ஹெலிகாப்டர் ஏறினார். 1997-ல் வில்லனாக நுழைந்த ஸ்பைக்கோ, காதலும் பொறாமையும் வம்பும் சொந்தத்திலேயே வைத்திருந்தபடியால், 1999-ல் முதன்மை நடிகர் வரிசையில் ஏறி அமர்ந்துவிட்டான்.

இனி, டான் என்னும் தங்கை. மாயச் சாவி ஒன்றைத் துறவிகள் சிறுமியாக வார்த்து, 2000-ல் பஃபியின் வீட்டில் வைத்து, ஊரார் அனைவரின் ஞாபகத்திலும் அவள் பிறந்து வளர்ந்ததாகவே புகுத்திவிட்டனர்; முந்தைய 78 அத்தியாயங்களையும் பார்த்திருந்த ரசிகரின் ஞாபகத்தைத் திருத்த மாத்திரம் அவர்களிடம் மந்திரமில்லை. இத்துணை நேர்த்தியான காரணத்தோடு ஜனித்த பாத்திரம் அரிது. ஆயின் அவளுக்கு வாய்த்த காரியமோ, கடத்தப்படுதல், மீட்கப்படுதல், மறுபடியும் கடத்தப்படுதல் என்ற அளவிலேயே நெடுநாள் நின்றது. காரணம் எத்துணை திவ்வியமாயினும், தனக்கென்று காரியமில்லாத பாத்திரம் தோற்கும் என்பதே நம் சித்தாந்தம்.

ஐயமுடையோர் உரைகளை நாடாமல், ஐந்தாம் பருவத்து முதல் அத்தியாயத்தைக் கடைசி நிமிஷம் வரை பார்த்துத் தெளிக.