கேள்விகள் உங்களுடையவை

தோழியின் மேக்கப் ஸ்பாஞ்சைக் கடன் வாங்கலாமா?

வளையல் கேளுங்கள், பட்டுப்புடவைகூடக் கேளுங்கள். ஸ்பாஞ்ச் மட்டும் வேண்டாம். இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகம் பயன்படுத்தியவர்களிடமிருந்து வாங்கிச் சோதித்த ஒப்பனைப் பொருள்களில் (2019) பெரும்பாலானவற்றில் கிருமிகள், சிலவற்றில் ஈ.கோலி பாக்டீரியா. சோதனைக்கு வந்த ஸ்பாஞ்சுகளில் 93 சதவீதம் ஒருமுறைகூடக் கழுவப்படாதவை. 64 சதவீதம் தரையில் விழுந்து, மறுபடி முகத்துக்கு ஏறியவை! உங்களுடையதையும் கழுவி, நன்றாகக் காயவையுங்கள்.

அப்படியானால் தோலில் ஒரு பாக்டீரியாகூட இல்லாமல் தேய்த்துவிடலாமே?

காவல்காரரை விரட்டிவிட்டு வீட்டை யார் பார்ப்பது? நம் தோலில் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், நோய்க்கிருமிகளை அண்டவிடாமல் தடுக்கிறது. பெண்ணுறுப்பில் அந்த வேலை லாக்டோபேசிலஸுக்கு. அங்கே உள்ளே கழுவ சோப்பும் வேண்டாம், வாசனைத் திரவமும் வேண்டாம்.

ஏழே நாளில் சிவப்பழகு தரும் க்ரீமை நம்பலாமா?

எட்டாம் நாள் உங்கள் சிறுநீரகம் என்ன சொல்கிறது? இத்தகைய க்ரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. நிறமி உருவாவதைத் தடுக்கும் அது, தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேரளத்தின் கோட்டக்கல்லில், சிறுநீரில் புரதம் வெளியேறி, கால் வீங்கி வந்த நோயாளிகளை மருத்துவர்கள் விசாரித்தார்கள். பலர் இத்தகைய க்ரீம் பூசியவர்கள். எனக்கு இதைவிடக் கவலை, வீட்டிலுள்ள கைக்குழந்தைதான். அம்மா அணைக்கும்போது அதன் மேலும் பாதரசம் ஒட்டுகிறது. தயாரித்தவர் முகவரியும் உட்பொருள் பட்டியலும் இல்லாத டப்பாவை இன்றே நிறுத்துங்கள். பூசியிருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.