ஜூரி சொன்னால் கரிதான்

1853-ல் எடின்பரோ நீதிமன்றத்துக்கு ஒரு கல் வந்தது. கல் என்று நான் சொல்கிறேன். அன்றைக்கு அங்கே சொல்லியிருந்தால் பாதிப் பேர் அடிக்க வந்திருப்பார்கள்.

டோர்பேன்ஹில் நிலத்தின் சொந்தக்காரர்கள் கில்லெஸ்பி தம்பதி. பூமிக்கடியில் உள்ள நிலக்கரி, இரும்புக்கல் வகையறாக்களை வெட்டிக்கொள்ள ரஸ்ஸல் கம்பெனிக்குக் குத்தகை எழுதிக் கொடுத்திருந்தார்கள். தோண்டினால் பழுப்பும் கறுப்புமாக ஒரு சரக்கு கிளம்பியது. தீக்குச்சி காட்டினாலே பற்றிக்கொண்டது. காஸ் கம்பெனிகள் மோப்பம் பிடித்து வந்துவிட்டன. தம்பதிக்கும் பற்றிக்கொண்டது, வயிற்றில். "குத்தகைக்கு விட்டது நிலக்கரியை. இது நிலக்கரியே இல்லை, திருப்பிக் கொடு" என்று கோர்ட்டுக்குப் போனார்கள்.

பக்கத்து பாத்கேட்டில் இதே சரக்கிலிருந்து எண்ணெய் வடித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் யங்குக்கும் இந்த வழக்கில் கவலை இருந்திருக்க வேண்டும். காஸ்காரர்கள் கரியைக் கடும் சூட்டில் வறுத்தார்கள். மூலக்கூறுகள் சுக்குநூறாகி காஸும் தாருமாக வெளியேறின. யங் குறைந்த சூட்டில், அவசரப்படாமல் வாலையில் வடித்தார். நீளச் சங்கிலி ஹைட்ரோகார்பன்கள் உயிர் பிழைத்து வந்தன: விளக்குக்கு எண்ணெய், இயந்திரத்துக்கு மசகு, மெழுகுவர்த்திக்கு பாரஃபின். டோர்பேன்ஹில் சரக்கில் டன்னுக்கு நூறு காலனுக்கு மேல்! வடித்ததும் நாறும். கந்தக அமிலம் ஊற்றிக் கலக்கினால் நைட்ரஜன் சரக்கு கழன்றுகொள்ளும். காஸ்டிக் சோடா ஊற்றினால் ஃபீனால் கழன்றுகொள்ளும். இத்தனைக்கும் 1850-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அதில் எழுதியிருந்தது 'நிலக்கரியிலிருந்து' என்று. கோர்ட் இதைக் கரியில்லை என்றால் யங்கின் காகிதத்தை வைத்து அடுப்புதான் மூட்டலாம்.

சாட்சிக் கூண்டில் விஞ்ஞானிகள் க்யூவில் நின்றார்கள். ஜான் க்வெக்கெட் மைக்ராஸ்கோப்பில் மெல்லிய சீவலை வைத்துப் பார்த்தார். கரி என்றால் மரத்தின் திசு தெரிய வேண்டும். தெரிந்ததோ மஞ்சள் உருண்டைகள். ஆகவே கரியில்லை. எதிர்த்தரப்பு மைக்ராஸ்கோப்பில் தாவரம் தெரிந்தது! எரித்தால் சாம்பல் அதிகம், உருப்படியான கோக் இல்லை, இது பிட்டுமன் ஊறிய களிமண் என்றது ஒரு கட்சி. பிட்டுமன் என்றால் கரைப்பானில் கரையணுமே, இது அசையவில்லையே என்றது மறு கட்சி. கல் ஒன்றுதான். யார் அழைத்து வந்தார்களோ அவர் பக்கமாகவே அது சாய்ந்தது.

நாட்கணக்கில் இதைக் கேட்ட ஜூரி, கரிதான் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனது. ரஸ்ஸல் கம்பெனி வெட்டியது, யங் 1864 வரை காப்புரிமையில் சம்பாதித்தார். டோர்பேன்ஹில் சரக்கு வற்றிய பிறகு மேற்கு லோதியனில் அசல் ஷேல் பாறைகளை வடித்தார்கள். டன்னுக்கு எண்ணெய் குறைவுதான், ஆனால் நாற்றத்துக்குக் காரணமான அதே நைட்ரஜன் அம்மோனியம் சல்ஃபேட் உரமாகி விலைபோனது. அமெரிக்க பெட்ரோலியத்தின் அடியைத் தாங்கி 1962 வரை தொழில் ஓடியதற்கு அந்த உரமும் ஒரு காரணம்.

சரி, க்வெக்கெட்டின் மஞ்சள் உருண்டைகள்? பாசி. உடம்பில் எண்ணெய் சேர்த்து வைக்கும் பாசிக் கூட்டம். அதன் உறவுக்காரப் பாசி இன்றும் குளங்களில் மிதக்கிறது. சரக்கில் ஹைட்ரஜன் எக்கச்சக்கமாக இருந்ததும், எண்ணெய் அப்படிக் கொட்டியதும் அதனால்தான். கரைப்பானில் கரையாமல் அடம்பிடித்த அந்தப் பொருளுக்கு கெரோஜன் என்று பெயர் வைக்க 20-ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. டோர்பேன்ஹில் சரக்குக்கு இன்று டோர்பனைட் என்று பெயர். அதை நிலக்கரி வகையிலும் சேர்க்கிறார்கள், எண்ணெய் ஷேல் வகையிலும் சேர்க்கிறார்கள். கில்லெஸ்பி வாரிசுகள் யாராவது இருந்தால், பாதிக் கேஸ் நிற்கும்.