ஓலை வாசிக்கிறதுக்கு முன்னாடி

ஏண்டா பேராண்டி, கொஞ்ச நாளா ஞாயித்துக்கிழமை பூசைக்கு முதல் மணி அடிக்கிறப்பவே சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிக்கினு நிக்கிறியே! பையனுக்கு பக்தி முத்திப்போச்சுன்னு உங்க அம்மா பூரிக்கிறா. எனக்குத் தெரியும்டா, உன் பக்தி பீடத்தப் பாக்கல, பாடகர் குழு பக்கம் பாக்குது. பரவால்ல. செஞ்சிக் கோட்டையில போயி சுவத்துல ஆணியால பேரக் கிறுக்குற பசங்களுக்கு நீ தேவல. அங்க கல்யாண மகாலே இருக்கு, ஆனா அதுல பேரு எழுதினவன் எவனுக்கும் அந்தப் பேரோட கல்யாணம் ஆனதா எனக்குத் தகவல் இல்ல. 2025ல அந்தக் கோட்டைய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துட்டாங்க. இனிமே கிறுக்கினா உலகத்துக்கே குத்தம்.

கோயில்ல பொண்ணு பாக்குறது ஒண்ணும் புதுசில்ல. எங்க காலத்துல ஆம்பள ஒரு பக்கம், பொம்பள ஒரு பக்கம். நன்மை வாங்க வரிசையில போற அந்த ரவ நேரந்தான் எங்களுக்கு. உங்களுக்கு இப்ப எத்தன வசதி! கிறிஸ்மஸ் கேரல், குடில் கட்டுறது, அன்பியக் கூட்டம், இளையோர் கூட்டம், அப்புறம் ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துக்கு வேளாங்கண்ணி நடைபயணம். நான் சொல்றேன், காவி கட்டி அந்த ரோட்டுல நடந்து பாரு. எவன் தண்ணிய ஒளிச்சி வெச்சிக் குடிக்கிறான், எவ காலு கொப்புளிச்சும் சிரிச்சிக்கினே நடக்குறா, எல்லாம் வெளிய வந்துடும்.

ஆனா நீ ஒருத்தியப் பாக்குற, உன்ன பங்கே பாக்குது. அனந்தபுரத்துல தும்முனா செஞ்சியில ஆவி புடிக்கிற ஊருடா இது. மரியாயின் சேனை அக்காமாருங்க செபமாலை உருட்டிக்கினே உன்னையும் உருட்டிடுவாங்க. பூசை முடிஞ்சி பெஞ்ச தூக்கிப் போட்டியா, இல்ல பைக்குல சாஞ்சி போன நோண்டினியான்னு அன்னிக்கே அவ வீட்டுக்குப் போயிடும். தரகரே வேணாம். திருவிழாவுல சப்பரம் தூக்கு. அவ நிக்கிற பக்கம் பாத்துக்கினு மட்டும் தூக்காத, மாதா சாஞ்சிடுவா.

அப்புறம் சாமியார்கிட்ட மந்திரம் ஒப்பிக்கணும். விசுவாசப் பிரமாணத்துல பாதியிலயே மூச்சு வாங்குற ஆளு நீ! அது முடிஞ்சா மூணு ஞாயிறு ஓலை. தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு ஊரு முன்னாடி வாசிப்பாங்க. 1215ல லாத்தரன் சங்கத்துல ஆரம்பிச்சி, 1563ல திரெந்து சங்கத்துல மூணு தடவைன்னு முடிவான சங்கதி. ஒளிஞ்சி காதலிக்கிறவனுக்கு கோயிலப் போல ஆகாத இடம் இல்ல. இன்னொண்ணு கேளு. மாமன் மகளக் கட்டணும்னா ஆயர்கிட்ட அனுமதி வாங்கணும். முன்னப்பின்ன தெரியாத ஊருக் கத்தோலிக்கப் பொண்ணுன்னா அந்தத் தொல்லையே இல்ல. திருச்சபை உன்ன வெளிய தள்ளுது, வீடு உன்ன உள்ள இழுக்குது.

இழுக்குற கயிறு எதுன்னு உனக்குத் தெரியும். சாமியார் சகோதர சகோதரிகளேன்னு கூப்புட்டா தலையாட்டுற அதே சனந்தான். பொண்ணு கேட்டுப் போனா, ஆர்.சி.யா சி.எஸ்.ஐ.யான்னு ஆரம்பிச்சி, எந்தப் பங்குன்னு விசாரிச்சி, காப்பி ஆறதுக்குள்ள “நீங்க என்ன ஆளுங்க?”ன்னு வந்து நிப்பாங்க. மணமகள் தேவை விளம்பரத்தப் பாரு, சாதியெல்லாம் ஞானஸ்நானம் வாங்கிக்கினு வரிசையா நிக்கிது. வடக்கன்குளத்துல கோயிலுக்குள்ளயே சாதிக்குச் சுவரு எழுப்பி, 1910லதான் இடிச்சாங்க. அது திருநெல்வேலிக் கதைன்னு தள்ளிடாத. நம்ம விழுப்புரம் மாவட்டத்துல இருந்த எறையூர்ல, 2008ல, தலித் சனங்க தனிப் பங்கு கேட்ட தகராறு துப்பாக்கிச் சூட்டுல முடிஞ்சி ரெண்டு உசுரு போச்சி. செபமாலை மாதா கோயில் ஊருடா அது.

அதனால, அந்த மூணாவது கேள்விய உங்க அப்பன் கேட்டா என்ன சொல்லுவன்னு இப்பவே யோசி. தேசிங்கு ராசா கூப்புட்டாருன்னு அவரு கூட்டாளி மோவுத்துக்காரன் கல்யாணப் பந்தல விட்டு சண்டைக்குப் போனான்னு கதைப்பாட்டுல வரும். நீ சண்டைன்னதும் பந்தல விட்டு ஓடுற ரகம்னா, இந்த ஞாயிறே கடைசி பெஞ்சுக்கு மாறிக்க. பாதியில விட்டா அவ பேருதான் கெடும், உன் பேருக்கு ஒண்ணும் ஆவாது. அப்படித்தான் இருக்கு நம்ம ஊரு நியாயம். நிப்பேன்னு சொல்லு, உங்க அப்பன நான் பாத்துக்கறேன். அவன் என்கிட்ட ஒளிச்ச கதைங்க எனக்கும் ரெண்டு தெரியும்.

கல்யாணத்தன்னிக்கு, கட்டாயம் இல்லாம முழு மனசோட வந்திருக்கீங்களான்னு சாமியார் கேப்பாரு. அந்தச் சம்மதம் இல்லன்னா, தாலியே கட்டினாலும் திருச்சபைக் கணக்குல அது கல்யாணம் இல்ல. அவ பாடுனதச் சொன்ன, சிரிச்சதச் சொன்ன, எந்த வரிசையில நிக்கிறான்னுகூடச் சொன்ன. அவ உன்னப் பத்தி என்ன நெனைக்கிறான்னு ஒரு வார்த்த சொல்லலியேடா? சாமியார் கேக்குறதுக்கு முன்னாடி நீ போயி மரியாதையாக் கேளு. வேணாம்னு சொன்னா, அதுக்கும் ஆமென்னு சொல்லிட்டு வா.