மிக்ஸியில் அரைத்த புத்தகம்

முண்டியம்பாக்கத்தில் கரும்பு அரவை தொடங்கிவிட்டால் ஊரே தித்திப்பு வாசனையில் மிதக்கும். அந்த வாசனைதான் எனக்குத் தலைக்கேறிவிட்டது என்கிறாள் வீட்டுக்காரி. வாசனை மேல் பழி போடுவானேன்? தலையில் இடம் முன்பே காலியாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். சென்னை திருவான்மியூரில் தாரா புக்ஸ் என்று ஒரு பதிப்பகம், 1994 முதல் நடக்கிறது. அவர்கள் 2006இல் போட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பருத்தித் துணிக் கழிவை அரைத்துச் செய்த கறுப்புக் காகிதம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வைத்துக் கையால் அச்சடிக்கிறார்கள். ஒன்று காய்ந்தால்தான் அடுத்தது. பிறகு கையாலேயே தையல்.

படம் வரைந்த மூன்று கோண்டு ஓவியர்களில் ஒருவர் பஜ்ஜு ஷ்யாம். போபாலில் இரவுக் காவல் பார்த்தவர். உறவினர் ஜங்கட் சிங் ஷ்யாமிடம் தொழில் பழகி, லண்டனில் ஓர் உணவகச் சுவரில் வரையப் போனார். அங்கே பார்த்த பிக் பென் மணிக்கூண்டைச் சேவலாக்கி, 2004இல் 'லண்டன் ஜங்கிள் புக்' என்று புத்தகமே போட்டுவிட்டார். 2018இல் பத்மஸ்ரீ.

"காவல்காரருக்கு முடிந்தது, ரிட்டையர்டு கிளார்க்குக்கு முடியாதா?" என்றேன்.

"அவருக்குப் படம் வரையத் தெரியுமே" என்றாள். இந்த மாதிரி சில்லறை விஷயமெல்லாம் இவள் கண்ணில்தான் படும்.

காகிதத்தில் ஆரம்பித்தேன். புகளூர் ஆலையில் கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறார்கள். நம்மூரில் சக்கைக்கா பஞ்சம்? ஜூஸ் கடையில் ஒரு கோணி வாங்கி வந்து மிக்ஸியில் போட்டேன். காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால்தான் நார் பிரியும் என்று மகன் போனில் விளக்கியபோது மிக்ஸி புகைந்துகொண்டிருந்தது.

அடுத்து பழைய வேட்டி. பழசு என்பது என் அபிப்பிராயம். சம்பந்தி வீட்டுச் சீர் என்பது அவள் அபிப்பிராயம். அதற்குள் ஆட்டுக்கல்லில் பாதி ஆட்டியாகிவிட்டது. கொசுவலைச் சட்டத்தில் கூழை அள்ளி மாடியில் காயவைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "வத்தலா சார்? உப்பு போட்டீங்களா?" என்றார்.

"காகிதம்."

"அப்போ காரம் வேணாம்" என்று இறங்கிப் போய்விட்டார்.

கோணி ஊசியால் தைத்ததில் பாதித் தையல் காகிதத்தில், பாதி கட்டை விரலில். மைதா காய்ச்சி அட்டை ஒட்டினேன். பசையில் மயில்துத்தம் கலக்காவிட்டால் பூச்சி அரிக்கும் என்று விழுப்புரத்து பைண்டர் ஒருவர் சொன்னார், எல்லாம் முடிந்த பிறகு. ஆக, என் முதல் வாசகர் ஒரு கரப்பான். அட்டை முதல் அட்டை வரை விடவில்லை.

கைவேலைப் புத்தகத்துக்குக் கூழ் அள்ள ஒரு கை, சாயம் இழுக்க ஒரு கை, தைக்க ஒரு கை என்று பழகிய கைகள் பல வேண்டும். அதனால் சொல்கிறேன், அப்படி ஒரு புத்தகம் கண்ணில் பட்டால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள். மிக்ஸி ரிப்பேரைவிட மலிவுதான்.