தொடாதே அண்ணா

பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்குள் நுழைந்தாலும் ஒரு தொடாதே அண்ணா இருப்பார். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கும். பதவி, சீனியர் ஏதோ ஒன்று. வேலை, ப்ராஜெக்டில் இருக்கும் கிரிப்டோ லைப்ரரியை யாரும் புதுப்பித்துவிடாமல் பார்த்துக்கொள்வது.

அந்த லைப்ரரியை அவர் எழுதவில்லை. அவர் கம்பெனியும் எழுதவில்லை. ஓபன்எஸ்எஸ்எல் என்று வெளியாள் எழுதி இலவசமாகத் தருவது. கடவுச்சொல்லும் கார்டு எண்ணும் இணையத்தில் போகும்போது அடுத்தவன் கண்ணில் படாமல் பூட்டி அனுப்புகிற சமாச்சாரம். அதில் ஓட்டை தெரிந்தால் அடைத்துப் புதுப் பதிப்பு விடுவார்கள். விடுகிறவர்கள் தாராளமாக விடட்டும் என்பது அண்ணாவின் பெருந்தன்மை.

புதிதாகச் சேர்ந்த பெண் ஆர்வமாக வந்து நிற்பாள்.

"அண்ணா, நம்ம சர்வர்ல இன்னும் 1.0.2 ஓடுது. 2019-லயே அதுக்கு சப்போர்ட் முடிஞ்சிருச்சு. மாத்திரலாமா?"

அண்ணா கீபோர்டிலிருந்து கையை எடுப்பார். நாற்காலியை அரைவட்டம் திருப்புவார். கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியில் துடைப்பார்.

"ஓடுதுல்ல?"

"ஓடுது."

"அப்புறம் ஏம்மா அதைப் போய் நோண்டுற?"

இத்தோடு நிறுத்தினால் சோம்பேறி என்று தள்ளிவிடலாம். அண்ணா சோம்பேறி இல்லை, சரித்திர ஆராய்ச்சியாளர். ஆதாரம் இல்லாமல் பேசமாட்டார்.

"2014 ஏப்ரல்ல ஹார்ட்பிளீட்னு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? நீ அப்ப ஸ்கூல்ல இருந்திருப்ப. வெளியில உக்காந்திருக்கவன் ஒரு தடவை கேட்டா 64 கிலோபைட் வரைக்கும் சர்வர் மெமரியை அள்ளிட்டுப் போகலாம். யார் மாட்டினா? ஆசையா 1.0.1-க்கு மாறினவன். நாம 0.9.8. ஒரு தூசி படலை."

அடுத்த விரல் மடங்கும். 2022 நவம்பர் 1. அதிபயங்கர ஓட்டை ஒன்றை அடைக்கப்போகிறோம் என்று ஓபன்எஸ்எஸ்எல்காரர்கள் முன்கூட்டியே அறிவித்து, உலகத்தின் வயிற்றில் புளியைக் கரைத்த நாள். ஓட்டை இருந்தது 3.0.0 முதல் 3.0.6 வரை மட்டும். அன்று சாயங்காலம் கேன்டீனில் டீமுக்கே அண்ணா செலவில் பஜ்ஜி.

மூன்றாவது விரல், 2024 மார்ச். எக்ஸ்இஸட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் எவனோ கள்ளக்கதவு வைத்திருந்தான். சர்வருக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற இன்ஜினியர் குடைந்ததில் குட்டு வெளிப்பட்டது. "அதுலயும் புதுசு போட்டவன்தாம்மா மாட்டினான்."

சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் அண்ணாவிடம் உள்ள சிக்கல். திருடன் அடுத்த தெருவுக்குப் போன ராத்திரியெல்லாம் தூங்கிவிட்டு, காவல் காத்த கணக்கில் எழுதிக்கொள்கிறார். தவிர, இப்போதிருக்கும் 1.0.2-வும் அவராக ஏற்றியதில்லை. பழைய சர்வர் செத்துப்போய்ப் புதிது வாங்கியபோது கூடவே வந்தது.

2022 மார்ச் 15-க்கு அவர் விரல் மடங்காது. விசேஷமாகத் தயாரித்த ஒரு கோணல் சான்றிதழை நீட்டினால், வர்க்கமூலம் தேடும் கணக்கு முடிவே இல்லாமல் சுற்றும் என்று தெரியவந்த நாள் அது. இந்த ஓட்டை 1.0.2, 1.1.1, 3.0 மூன்றிலும் இருந்தது. மற்ற இரண்டுக்கும் திருத்தம் இலவசம். 1.0.2-க்கு மட்டும், காசு கட்டி சப்போர்ட் வாங்கியவர்களுக்கே. கம்பெனி கட்டவில்லை. அண்ணாவும் கேட்கவில்லை. ஞாயிறு ராத்திரிதோறும் சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி செய்துவைத்தார்.

ஒன்றைத் தொடாமலிருப்பதென்றால் சும்மாவா? பைத்தான் 3.10 ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-க்குக் கீழே இறங்காது. ஆகவே பைத்தானையும் தொடக்கூடாது. யூஆர்எல்லிப்3 இரண்டாம் பதிப்பும் அப்படியே; அதையும் தொடக்கூடாது. இப்படி அக்கம்பக்கத்து லைப்ரரிகளையெல்லாம் இரட்டைச் சமக்குறி போட்டு, இந்தப் பதிப்பே போதும் என்று அண்ணா ஆணியடித்து வைத்திருப்பார். புதுப் பதிப்புக்கு மாறச் சொல்லி டிபென்டபாட் என்ற தானியங்கி காலையில் அனுப்பிய கோரிக்கைகளை காபி ஆறுவதற்குள் ஒன்றொன்றாக மூடுவார். அதுவும் சளைக்காமல் அடுத்த பதிப்பு வந்ததும் திரும்ப அனுப்பும்.

வருடத்துக்கு ஒருமுறை ஆடிட் வரும். ஸ்கேனர் ரிப்போர்ட்டில் வரிசையாகச் சிவப்பு. அண்ணா பதறமாட்டார். எக்ஸெல் ஷீட்டின் கடைசிக் கட்டத்தில் "ரிஸ்க் ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று அடித்து, மூலையைப் பிடித்துக் கீழ்வரை இழுத்துவிடுவார். ரிஸ்க் வாடிக்கையாளருடையது, ஏற்றுக்கொண்டது அண்ணா. இப்படியொரு தாராள மனசு யாருக்கு வரும்?

போன அப்ரைசலில் அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். காரணம், அவர் பொறுப்பிலுள்ள சர்வரில் அப்டேட்டால் ஒரு கோளாறுகூட வந்ததில்லையாம். அதே வருடம் பக்கத்து டீம் பையன் மெனக்கெட்டு 3.0-க்கு மாற்றினான். ஆர்சி2 முறையில் பூட்டிய பழைய சாவிக் கோப்பு ஒன்று இருந்தது, 3.0 அதைத் தானாகத் திறக்காது. வெள்ளிக்கிழமை ராத்திரி கொஞ்ச நேரம் சைட் படுத்துவிட்டது. அவன் படிவத்தில் "இன்னும் கவனம் தேவை".

புதுப்பித்து ஒன்றும் ஆகாவிட்டால் கைதட்ட ஆளில்லை. ஏதாவது ஆகிவிட்டால் பெயர் போட்டு மெயில் வரும். பாதுகாப்பு விதிகளைத்தான் எல்லோரும் விழுந்து விழுந்து படிக்கிறார்கள். அந்த ஆபீசில் அப்ரைசல் படிவத்தை ஒழுங்காகப் படித்தவர் அண்ணா ஒருவர்தான்.